பைப்பண்ணன் வீட்டுக் காப்பி

முதல் முறை நான் அவரைப் பார்த்தபோது அவர் என் பைக்கைக் கழுவினார். நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். அங்கே வாடகைக்கு வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். நஞ்சன்கூட்டு ஃபேக்டரி ஒன்றில் எனக்கு வேலை. பஸ் ஏற வசதியான இடம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வழியில் ஒரு மேடு, மேட்டின் மேல் தகரக் கொட்டகைகள். முன்னால் பச்சை ரப்பர் பைப்பும் கையுமாக, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒருவர் நின்றிருந்தார். வழி கேட்டேன். "லேஅவுட்டுங்களா? நேராக் கீழ எறங்குங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே என் முன்சக்கரத்துச் சேற்றைப் பார்த்தார். பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. நான் தேங்க்ஸ் சொல்லி முடிப்பதற்குள் சக்கரம், மட்கார்டு, என் வலதுகால் செருப்பு எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டன. "ஒண்ணை மட்டும் கழுவுனா இன்னொண்ணு கோவிச்சுக்குமுங்க" என்று சுற்றிக்கொண்டு வந்து இடது செருப்பையும் முடித்தார். வீட்டுக்காரர் முன்னால் நனைந்த பேன்ட்டோடு போய் நின்று அட்வான்ஸ் பேசினேன்.

தெரு முழுக்க அவரைப் பைப்பண்ணன் என்றது. கன்னடக்காரர்களும் பைப்பண்ணா என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பாஷையிலும் அண்ணன் அண்ணன்தான் என்பதால் சௌகரியமாகப் போயிற்று. பைப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய விரல்கள் எப்போதும் தண்ணீரில் ஊறி, சுருங்கி, வெளுத்துப் போயிருக்கும். கை குலுக்கினால் இட்லித் துணியைத் தொட்ட மாதிரி இருக்கும்.

ஊர் ஹனூர்ப் பக்கம். அங்கே சோளக்காடு வைத்திருந்திருக்கிறார். யானை தின்றது போக மிச்சத்தைக் காட்டுப்பன்றி தின்றுவிடுமாம். "எப்படியும் பன்னிதான் திங்கப்போவுது. அதுக்கு நாமளே பன்னி வளத்துனா என்னன்னு யோசிச்சனுங்க" என்பார். இந்த யோசனையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ஆனால் அவர் சொல்லும்போது குறுக்கே பேச முடியாது. காட்டை விற்றுவிட்டு வந்து இந்த மேட்டை வாங்கி வெள்ளைப் பன்றிகளாக நிரப்பிவிட்டார்.

பன்றி என்றதும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை அவருடைய பன்றிகள். மூன்று வேளையும் குளித்துவிட்டு ரோஜா நிறத்தில் நிற்கும். ஒவ்வொரு தாய்ப்பன்றியும் அவருக்கு அம்மிணி. "அம்மிணி, காதைக் காட்டு. அந்தக் காது... ஆங்" என்று அவர் சொல்ல, அது தலையைத் திருப்பிக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். என் மகள் இன்றுவரை அப்படிக் காட்டியதில்லை. கொட்டகைத் தரையில் ஒரு பொட்டு சாணி விழுந்தால் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டுவிடும். ஓடிப் போய் பைப்பைத் திருப்புவார். அது வழுக்கிக்கொண்டு சாக்கடை வழியாகக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண் குழிக்குப் போய்விடும்.

அவருடைய தத்துவம் சின்னது. "கண்ணுக்குத் தெரிஞ்சா அழுக்குங்க. காணாமப் போயிருச்சுன்னா சுத்தம்." ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், "போறது எங்கண்ணா போகுது?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போல, கொஞ்சம் யோசித்தார். பிறகு பைப்பாலேயே சுட்டிக்காட்டி, "கீழ போயிருதுங்க" என்றார். பைப் காட்டின திசையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி தெரிந்தது, அதற்கப்பால் ஏரி தெரிந்தது. நல்ல காட்சி என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் குழி மேல் அவருக்கு அலாதிப் பெருமை. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிறைந்ததே கிடையாது. "என்ன ஊத்துனாலும் குடிச்சுக்குதுங்க. ராசியான குழி" என்று அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கற்பூரம். தசரா சமயத்தில் ஆயுத பூஜை வந்தபோது தெருவில் எல்லோரும் வண்டிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டிருக்க, அவர் பைப்பைச் சுருட்டி நாற்காலியில் உட்கார்த்தி, சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தார். ஆயுதம் என்றால் அன்றைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். பன்றிகளைக் குடத்தில் மொண்டு மொண்டு குளிப்பாட்டினார்.

இவ்வளவு கழுவுகிறவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவர் மனைவி ஹனூரிலேயே இருந்தார். பன்றி இருக்கிற இடத்துக்குக் குடித்தனம் பண்ண வர முடியாது என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்காக இவர் கெஞ்சியதில் கடைசியாக ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்திருந்தார். அதை பைப்பண்ணன் மனப்பாடமாகச் சொல்வார்: "உங்க தெருவுல குடியிருக்கற ஒரு ஆளு, உங்க வூட்டுக்குள்ள உக்காந்து, நீங்க போட்ட காப்பியைக் குடிக்கட்டும். அன்னைக்கு நான் பெட்டியைக் கட்டறேன்." அவ்வளவுதான். ஒரு டம்ளர் காப்பி. அதற்காக ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

தெருவில் ஒருவரும் குடிக்கவில்லை. பன்றி என்று யாரும் வாயால் சொல்லவும் இல்லை. அதெல்லாம் மரியாதைப்பட்ட தெரு. எங்கள் தெருச் சங்கத் தலைவர், ரிட்டையர் ஆன கன்னட வாத்தியார், எப்போது கூப்பிட்டாலும் "இவத்து ஷனிவார" என்பார். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாலும் அவருக்குச் சனிக்கிழமைதான். எதிர்வீட்டு மேஸ்திரி இப்போதுதான் குடித்தேன் என்பார். நான் அல்சர் என்று சொல்லித் தப்பித்தேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். மறுநாளே ஒரு வெண்பூசணிக்காயோடு வந்து நின்றார், காம்பு வரை தேய்த்துக் கழுவி. "வெறும் வயித்துல சாறு குடிங்க தம்பி, அல்சரு ஓடிப்போயிரும்." வாரா வாரம் பூசணி வந்தது. என் மனைவி மல்லிகா அதைக் கழுவாமலே கூட்டு வைத்தாள். அவர் கழுவினதற்கு மேல் கழுவ என்ன இருக்கிறது. நாங்கள் பூசணிக்காய் சாப்பிட்டதைச் சொல்லிப் பைப்பண்ணன் தன் மனைவியைச் சமாதானம் செய்து பார்த்தாராம். காய் கணக்கில் சேராது என்று பதில் வந்ததாம். "ரொம்பக் கண்டிசனுங்க அவ" என்று அதிலும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தண்ணீர் எப்போது கெட ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெருவுக்கெல்லாம் பொதுவாக ஒரு பழைய கிணறு. தென்னந்தோப்பாக இருந்த காலத்துக் கிணறு. லேஅவுட் போட்டவர் அதன் மேல் ஒரு மோட்டாரை வைத்து டேங்குக்கு ஏற்றி, இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர் வசதி என்று விளம்பரம் செய்துவிட்டார். முதலில் ஏரிதான் நிறம் மாறியது. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி பாசி. புதிதாக வந்தவர்கள் மைதானம் என்று நினைத்தார்கள். ஒரு நாய் அப்படி நினைத்து ஓடிப் போய் விழுந்து, பச்சை நாயாக வீடு திரும்பியது. பிறகு மீன்கள் மிதந்தன. அப்புறம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் வழவழவென்று கையில் ஒட்டும்.

தெரு கூடி ஆராய்ந்தது. தென்னை வேர் அழுகுகிறது என்றார் மேஸ்திரி. மோட்டாரில் எண்ணெய் கசிகிறது என்றார் இன்னொருவர். தலைவர் மட்டும் மூக்கை மேட்டுப் பக்கம் திருப்பினார். ஒரு குழுவாகக் கிளம்பிப் போனோம். தண்ணீரைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை. வாடை வருகிறது என்று மட்டும் தலைவர் நாசூக்காகச் சொன்னார்.

பைப்பண்ணன் முகம் செத்துப்போனது. "வாசமா? என்ற பன்னிங்ககிட்டயா?" ஒரு பன்றியைக் கிட்டே போய் மோந்து பார்த்தார். எங்களையும் மோந்து பார்க்கச் சொன்னார். தலைவர் அன்றைக்கும் சனிக்கிழமை என்றார்.

அடுத்த வாரம் அவர் பெரிய மோட்டார் வாங்கிப் போட்டார். மூன்று வேளை கழுவினது ஐந்து வேளை ஆயிற்று. பைப் இன்னும் தடிமனானது. பீறிடுகிற தண்ணீரில் பன்றிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நிற்கப் பழகிக்கொண்டன. மேட்டில் வாடை குறைந்தது உண்மை. கிணற்றில் கூடியது. உடனே மறுபடியும் குழுவாகப் போய்ப் புகார் சொன்னோம். மனிதர் இன்னும் அதிகமாகக் கழுவினார். நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டோமோ அவ்வளவு எங்கள் கிணற்றில் வந்து விழுந்தது. இது தெரியாமல் நாங்கள் இன்னும் சத்தம் போட்டோம்.

கடைசியில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. மனிதனைத் திட்டினால் சோர்ந்துபோவான், பாராட்டினால் இன்னும் நன்றாகக் கழுவுவான் என்றார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பார்த்தவராம். நவம்பரில் கன்னட ராஜ்யோத்ஸவத்துக்குத் தெருவில் கொடியேற்றியபோது பைப்பண்ணனை மேடையேற்றி, சால்வை போர்த்தி, மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, பழக்கூடையும் கொடுத்தோம். தூய்மைக்கு ஒரு முன்மாதிரி என்று தலைவர் கன்னடத்தில் அடுக்கிப் பேசினார். பேச்சின் நடுவே தொண்டை வறண்டு மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்தவர், அதன் வாடை தாங்காமல் முகத்தைச் சுளித்துவிட்டு மேலே பேசினார். கிணற்றை நாறடித்தவருக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரை மேஜையில் வைத்துக்கொண்டு பேட்டா கட்டிய தெரு வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

பைப்பண்ணன் அழுதுவிட்டார். மைக்கில், "எல்லாரும் இப்படியே வூட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி..." என்று ஆரம்பித்தார். நாங்கள் பலமாகக் கைதட்டினோம், அவர் குரல் கேட்காத அளவுக்கு. அன்று சாயங்காலம் பேட்டாவைக் கழற்றாமலே பன்றிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வர ஆரம்பித்த பிறகுதான் யாரோ மனுக்கொடுத்து, தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு பெண் வந்தாள். கொள்ளேகாலத்துத் தமிழ்ப் பெண். கிணற்றிலும் ஏரியிலும் பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். மேட்டில் பண்ணைக்கும் மேலே பைப்பண்ணனின் போர்வெல் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதிலும் வேண்டும் என்றாள். அவர் ஓடிவந்து பாட்டிலைக் கையில் வாங்கி, அவள் தடுப்பதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். "அண்ணா! அது கழுவக் கூடாத பாட்டில்" என்று அவள் கத்தினாள். உலகத்தில் கழுவக் கூடாத ஒரு பொருள் உண்டு என்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். வேறு பாட்டில் எடுத்து, அவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்தாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். மல்லிகா அப்போது எங்கள் ஆறு மாத மகளுக்குப் பால்பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்தத் தண்ணி அது?"

"கெணத்துத் தண்ணிதான். நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கறேன்."

"காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும். அதுல கரைஞ்சிருக்கறது போகாது, இன்னும் கெட்டியாகும். முதல்ல அதைக் கொட்டிருங்க."

பன்றியின் சாணமும் மூத்திரமும் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட்டாக மாறி, உப்பு மாதிரிக் கரைந்து கிணற்றுக்கு வந்துவிட்டது என்றாள். அதற்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது. எங்களுக்கு வந்த வாடை கூடவே வந்த மற்ற அசிங்கங்களுடையது. பெரியவர்கள் ஏதோ சமாளிப்பார்கள், கைக்குழந்தைக்கு ரத்தத்தில் மூச்சு ஏறாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும் என்றாள். மல்லிகா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்கிறவரை நான் எந்தச் சாமியையும் பாக்கி வைக்கவில்லை.

திரும்பி வந்தபோதுதான் மிச்சத்தையும் கேட்டோம். பைப்பண்ணனின் போர்வெல் தண்ணீர் சுத்தமோ சுத்தமாம். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் அதுதானாம். மேட்டின் உச்சியில் இருந்ததால் பண்ணையின் அழுக்கு அதைத் தொடவே இல்லை. அவருடைய ராசியான குழி குடித்ததெல்லாம் நேராக எங்களுக்குத்தான் வந்திருக்கிறது.

மல்லிகா பால் பாட்டிலை வாசலில் கொட்டினாள். "அப்போ, அவரு வீட்டுக் காப்பி வேணாம்னுட்டு வந்து, இங்க உக்காந்துகிட்டு அவரு பன்னியைத்தான் குடிச்சிட்டிருந்தோம்" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது.

எனக்கு இரண்டும் வரவில்லை. கோபம்தான் வந்தது. மேட்டுக்குப் போய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. குழந்தை, நீலம், கொலைகாரன் என்றெல்லாம் வார்த்தைகள் வந்தன. அவர் கையிலிருந்து பைப் நழுவிப் பாம்பு மாதிரி தரையில் நெளிந்து என்னையும் அவரையும் நனைத்தது. அவர் அதை நிறுத்தவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"காணாமப் போனது பாப்பாவுக்கா போச்சுங்க?" என்றார்.

நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.

பரிசோதனைப் பெண் மறுநாள் அவருக்கு வழி சொன்னாள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. தரையில் நெல் உமியைக் கனமாகப் பரப்ப வேண்டும். சாணியை உலர்வாகவே மண்வெட்டியால் அள்ளி, அடியில் சிமென்ட் பூசிய தொட்டியில் போட்டு, மழை படாமல் மூடி, எருவாக்க வேண்டும்.

"தண்ணியே ஊத்தக் கூடாதுங்களா?"

"பன்னி குடிக்கறதுக்கு மட்டும்."

"அப்ப அழுக்கு?"

"அங்கயே இருக்கட்டும் அண்ணா. இருக்கற எடம் தெரிஞ்சாத்தானே அள்ள முடியும்?"

ஒரு குடிகாரரிடம் இனிமேல் பாட்டிலைத் தொடாதே என்று சொன்ன மாதிரிதான். குழியை மூடினார், தொட்டி கட்டினார், லாரியில் உமி இறக்கினார். ஆனால் கை சும்மா இருக்க மறுத்தது. மூன்றாம் நாள் மோட்டார் ரூம் சாவியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "நீங்களே வெச்சுக்குங்க தம்பி. நான் கேட்டாலும் குடுத்துறாதீங்க. கால்ல வுழுந்தாலும் குடுத்துறாதீங்க." சாவி பாப்பா இருக்கிற வீட்டில் இருந்தால் தனக்குக் கேட்க வாய் வராது என்றார்.

வாய் வந்தது. தினமும் வந்தது. காலையில் நான் பஸ் பிடிக்கப் போகும்போது மோட்டாரைப் போட்டுப் பன்றிகளின் குடிதண்ணீர்த் தொட்டிகளை நிரப்பிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் திரும்பினால் வாசலில் நிற்பார். "சனிக்கெழமைங்க தம்பி, அம்மிணிகளுக்கு எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்தோணும்." அன்று புதன். "ஒரே ஒரு காது மட்டுமுங்க. பாக்கவே சகிக்கலை." நாங்கள் காப்பிக்குச் சொன்ன சாக்கையெல்லாம் அவர் கழுவுவதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை மல்லிகாவிடம் நைசாகப் பேசி, எங்கள் வீட்டுப் பாத்திரங்களையாவது தேய்த்துத் தருகிறேன் என்றார். அவள் கொடுத்தாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார்.

தெருவுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமே. காலையில் நான் மோட்டார் போடுகிற நேரத்துக்குக் குடங்களோடு வரிசை கட்டி எல்லோரும் அவர் போர்வெல்லில்தான் பிடித்துப் போனார்கள். குடித்தார்கள், சமைத்தார்கள், தலைவர் வீட்டில் பூஜைக்கும் அதுதான். ஆனாலும் வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் காப்பி குடிக்க மட்டும் ஆளில்லை. தலைவரை நேராகவே கேட்டேன். "நீரு பூமிது. காஃபி அவ்ரது" என்றார். தண்ணீர் பூமியுடையதாம், காப்பி அவருடையதாம். அந்த வாக்கியத்தோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பைப்பண்ணனோ காப்பிக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். பாப்பா விஷயத்துக்குப் பிறகு தனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டார் போல. பரிசோதனைப் பெண் ஒருநாள் அவளாகவே அவரிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். உடனே ஹனூருக்குப் போன் போட்டிருக்கிறார். தெருவில் குடியிருக்கிற ஆள்தான் செல்லும் என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

மழைக்காலம் வந்து போனது. ஏரியில் பாசி நடுவே அங்கங்கே தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. கிணற்றுக்கு இன்னும் காலமாகும் என்று பரிசோதனைப் பெண் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாவி கேட்டு வந்து பல நாளாயிற்றே, காலையில் மோட்டார் பக்கமும் தலைகாட்டுவதில்லையே என்று எனக்கு உறைத்தது. உடம்பு சரியில்லையோ என்று மேட்டுக்குப் போனேன்.

கொட்டகையில் உமி மேல் பன்றிகள் படுத்திருந்தன. கொஞ்சம் அழுக்காக, ரொம்ப சந்தோஷமாக. வெளியே கல்லின் மேல் அவர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வேட்டியில் சாணிக்கறை. காலில் காய்ந்த சேறு. கறையோடு அவரை அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். விரல்கள் சுருக்கமெல்லாம் போய் எல்லோருடைய விரல்களையும் போல இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ தாங்கவில்லை.

"அண்ணா, காப்பி கிடைக்குமா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்தார். "உங்களுக்கு அல்சருங்களே தம்பி."

"அது போயிருச்சுண்ணா."

"எங்கீங்க போச்சு?"

"கீழ போயிருச்சு."

மெதுவாக எழுந்தார். பிறகு எனக்கு முன்னால் ஓடினார். உள்ளே நாற்காலியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். அடுப்பைப் பற்றவைத்தார். பால் இருந்தது, தூள் இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு புது டம்ளரை எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அப்புறம் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணா?"

"டம்ளரைக் கழுவோணுமுங்க. குடத்துல இருந்ததைக் காப்பிக்கு ஊத்திட்டேன்." என் சட்டைப் பையைப் பார்த்தார். "தம்பி... அந்தச் சாவி..."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கே பயம்தான். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு பக்கம் டம்ளர். இன்னொரு பக்கம், இந்த வருஷத்து ஆயுத பூஜை மாலை காய்ந்துபோய், சுருட்டி வைத்த பச்சை பைப். கொட்டகையிலிருந்து ஒரு அம்மிணி தலையை நீட்டிக் காதை வேறு காட்டியது. அவர் அதைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். டம்ளரை ஒரே ஒரு முறை அலசினார். மோட்டாரை நிறுத்தினார். உள்ளே வந்து முதலில் சாவியைத் தந்தார், பிறகுதான் காப்பியைத் தந்தார்.

குடித்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு காப்பியைக் குடித்ததில்லை. தூள் இருந்ததாகத் தூளுக்கே ஞாபகம் இருந்திருக்காது. சர்க்கரை ஒரு பக்கம் பாகாகக் கிடந்தது. கடைசிச் சொட்டு வரை கண்ணை மூடிக்கொண்டு குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவர் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். "குடிச்சுட்டாங்க! தெருக்காரங்கதான்! உக்காந்துதான்!" அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. போன் என் கைக்கு வந்தது.

"ஏனுங்க, நெசமாலுமே குடிச்சீங்களா? இல்ல, பாவம்னு அவருக்கோசரம் சொல்றீங்களா?"

"குடிச்சேங்க."

"எப்படி இருந்துச்சுங்க?"

அவர் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அருமை என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"தண்ணி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"அப்ப நெசமாத்தான் குடிச்சிருக்கீங்க. காலைல பஸ்ஸுக்கு வர்றேன்னு சொல்லுங்க. நான் வர்றேன்னு வூட்டைக் கழுவி வுட்டுட்டு நிக்க வேண்டாம்னும் சொல்லிருங்க."

சொன்னேன். சொல்லிக்கொண்டே, சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.